செவ்வந்தி பாடிப் போனது

காணும் பொங்கலன்று சாயங்காலம் செம்மண்விளை கபடித் திடலில், நடுக்கோட்டைத் தாண்டி மேலத்தெருப் பெண்கள் நின்ற பக்கத்துக்குள் பாடிப் போன செவ்வந்திக்கு மூச்சு முடியவில்லை. பந்தல் விளக்குகளைப் போட்டார்கள், அப்போதும் முடியவில்லை. விளக்குகளை அணைத்துவிட்டு ஊர் படுக்கப் போனது, அப்போதும் முடியவில்லை. விடிந்து பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தபோது அவள் அதே இடத்தில் இடுப்பை வளைத்து, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, கபடி கபடி கபடி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தை போனது. மாசி வந்து பனைகளில் பாளை விட்டது. அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வேறு ஊராக இருந்தால் நடுவர் விசிலை ஊதி ஆட்டத்தை முடித்திருப்பார். வெளியில் எல்லாரும் கடிகாரம் பார்த்துப் பாடிப் போகும் ரைடை அளக்கத் தொடங்கிப் பல காலமான பின்பும் செம்மண்விளையில் மூச்சுதான் கணக்கு. பாடிப் போனவர் மூச்சு விட வேண்டும், அல்லது பிடிபட வேண்டும், அல்லது கோட்டுக்குத் திரும்பி வர வேண்டும். இந்த மூன்றில் ஒன்று நடக்கும்வரை நடுவர் விசிலை உதட்டில் வைக்கக்கூடாது. கடிகாரம் இல்லாத ஆட்டம் என்பதில் அந்த ஊருக்குப் பெருமை இருந்தது. அந்தப் பெருமையை யாரும் அன்றுவரை இவ்வளவு நீளமாகச் சோதித்துப் பார்த்ததில்லை.

வைகறை இளைஞர் மன்றம் நல்ல மன்றம். தேரிச் செம்மணல் மேடுகளும் முருங்கைத் தோட்டமும் தவிர வேறொன்றும் இல்லாத அந்த ஊரில், பத்து வயது தாண்டிய பிள்ளைகள் எந்தத் தெருவிலிருந்து வந்தாலும் சேர்த்துக்கொண்டு, விடிகாலையில் ஓடவிட்டு, அவித்த பயறு கொடுத்து, சாயங்காலம் ஆடவிட்டு, அவர்களில் சிலரை வெளியூர் விளையாட்டு விடுதிகளுக்கு அனுப்பியும் வைத்திருந்தது. மன்றத்தின் செயலாளர், பயிற்சியாளர், நடுவர் மூவரும் பால்துரை ஒருவர்தான். பிள்ளைகளுக்கு அவர் மாஸ்டர். அடிக்கமாட்டார், ஏசுவார். அவர் ஏசுவதைக் கேட்பதற்கென்றே திடலைச் சுற்றிப் பெரியவர்கள் வந்து உட்காருவதுண்டு.

அந்த மன்றத்தில் செவ்வந்தி பையன்கள் பக்கம் ஆடிக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு வேறு பெயர். பதினாறு வயதில் ஒரு நாள் காலை ஓட்டம் முடிந்ததும் மற்றவர்கள் பயறுக்குப் போன பிறகு மாஸ்டர் முன்னால் வந்து நின்றாள்.

"மாஸ்டர், நான் இனிமே பொம்பளப் பிள்ளைய பக்கம் ஆடுதேன். எம் பேரு செவ்வந்தி."

பால்துரை நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மைக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என்ன சொன்னா?"

"அழுதா. பெறவு கடைக்குப் போயி ரிப்பன் வாங்கிட்டு வந்தா."

"சரி. நாளைக்கும் நேரத்தோட வந்துரணும். பேர மாத்திட்டா ஓட்டத்துல சலுகை கிடையாது."

அவ்வளவுதான் நடந்தது. யாரும் கல்லெறியவில்லை. யாரும் வராதே என்று சொல்லவில்லை. செம்மண்விளைக்காரர்கள் பிற்பாடு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள், அது உண்மையும்கூட.

அவளைச் சேர்த்துக்கொள்வது எப்படி என்று கேட்டு பால்துரையே நகரத்துக்கு எழுதிப் போட, அங்கிருந்து ஒரு அதிகாரி வந்து, வேப்ப மரத்தடியில் எல்லாப் பிள்ளைகளையும் உட்காரவைத்து வகுப்பெடுத்தார். திருநங்கைகளை மதிக்க வேண்டும் என்றார். மனம் புண்படும்படி பேசக்கூடாது, கேலி செய்யக்கூடாது, அனுமதியில்லாமல் தொடக்கூடாது என்றார். எல்லாமே நல்ல வார்த்தைகள். பிள்ளைகள் கைதட்டினார்கள், அதிகாரி இளநீர் குடித்துவிட்டுப் போனார், மறுநாள் முதல் செம்மண்விளைத் திடலில் செவ்வந்தி ஒருத்திக்கு மட்டும் 'வாங்க, போங்க' தொடங்கியது. அவள் உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. மற்றவர்கள் மணலில் உட்கார்ந்தார்கள். அவள் உடை மாற்றத் தனியாக ஒரு தட்டி மறைப்பு வந்தது. வாசலில் 'அனைவரையும் அன்புடன் வரவேற்கிறோம்' என்று ஒரு பலகையும் வந்தது.

ஆனால் அவள் பாடிப் போனால் பிடிக்கிறவர்கள் இல்லை.

கபடியில் பிடிப்பதுதான் ஆட்டம். ஒருத்தி பாடிக்கொண்டு உள்ளே வரும்போது ஏழு பேர் அவளைச் சூழ்ந்து, ஒருத்தி கணுக்காலுக்குப் பாய, இன்னொருத்தி இடுப்பைக் கட்ட, மீதிப் பேர் மேலே விழுந்து அமுக்க, அடியில் கிடப்பவள் விரல் நீட்டிக் கோட்டைத் தொடப் பார்க்க, வாயெல்லாம் மணலாகி, தலைமுடி கலைந்து, "ஏட்டி எருமை, கைய எடுட்டி, மூச்சு முட்டுது" என்று கத்தி, எழுந்து, சிரித்து, மறுபடி ஆட வேண்டும். செவ்வந்தி போனால் ஏழு பேரும் கடைசிக் கோடுவரை பின்வாங்கி, ஒழுங்காக நின்றார்கள். அவள் கை நீட்டி யாரையாவது தொட்டால் தொடப்பட்டவள் மறுபேச்சில்லாமல் வெளியே போய் நின்றாள். அவள் வேண்டுமென்றே தடுக்கி விழுந்தாலும், எழுந்து கொள்ளட்டும் என்று காத்திருந்தார்கள். புள்ளிகள் குவிந்தன. அந்தப் புள்ளிகளை அவள் அணியான கீழத்தெருக்காரர்களே உரக்கச் சொல்வதில்லை.

மேலத்தெரு அணிக்கு ஜெயக்கொடி தலைவி. இடது ஓரம் அவளுடையது. கணுக்காலைப் பிடித்தால் விடமாட்டாள் என்று பக்கத்து ஊர்களில் பெயர் இருந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து செவ்வந்தியோடு ஒரே பெஞ்சில் படித்தவள். ஒருநாள் ஆட்டம் முடிந்து குழாயடியில் கால் கழுவும்போது செவ்வந்தி கேட்டாள்.

"ஏட்டி ஜெயா, என்னைய ஏன் பிடிக்க மாட்டேங்கீங்க?"

"மரியாதையா நடத்தணும்னு அந்த சார் சொல்லிட்டுப் போனாரு இல்லா?"

"மரியாதைய வச்சு நான் என்ன செய்ய? உப்பு போட்டு நக்கவா? எனக்கு முட்டி தேயணும்ட்டி."

ஜெயக்கொடிக்குச் சிரிப்பு வந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"எங்கம்மா ஏசுவா."

"எதுக்கு ஏசுவா?"

"எதுக்குன்னு தெரியல. ஏசுவான்னு தெரியும்."

அந்த வருடம் பொங்கல் விளையாட்டு விழாவில் மேலத்தெருப் பெண்களுக்கும் கீழத்தெருப் பெண்களுக்கும் கடைசி ஆட்டம். செவ்வந்தி கீழத்தெரு. ஆனால் அவளை ஆட வைப்பதில் சங்கடம் இருந்ததால், யாருக்கும் மனம் கோணாமல் அவளைச் சிறப்பு விருந்தினர் ஆக்கியிருந்தார்கள். மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். ஆட்டத்தின் பாதியில் கீழத்தெருப் பிள்ளை ஒருத்திக்குக் கால் பிசகி, நொண்டிக்கொண்டு வெளியே போனாள். செவ்வந்தி பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, மேடையிலிருந்து இறங்கி, நடுக்கோட்டுக்கு வந்து, குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பாடத் தொடங்கினாள். சிறப்பு விருந்தினரை வேண்டாமென்று சொல்ல முடியாது. பால்துரை தலையாட்டினார்.

ஏழு பேரும் கடைசிக் கோட்டுக்குப் போனார்கள். செவ்வந்தி நடுவில் நின்றாள். அவர்களைத் தொடப் போகவுமில்லை, திரும்பி வரவுமில்லை. பிடிப்பார்கள் என்று நின்றாள். அப்படித்தான் அந்த மூச்சு முடியாமல் போனது.

முதல் சில நாட்கள் ஊர் வாய் பிளந்தது என்று சொல்ல முடியாது. பால்துரை விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டபடி காத்திருந்தார். நகரத்திலிருந்து அழைத்து வந்த டாக்டர் அவள் முதுகில் கருவியை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, காற்று வெளியே வருகிறது, உள்ளே போகிற சத்தம் மட்டும் இல்லை, மற்றபடி இரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது என்றார். சத்தம் பொறுக்க முடியவில்லை என்று யாரோ கொடுத்த புகாரின்பேரில் வந்த சப்-இன்ஸ்பெக்டர், ஒலிபெருக்கி வைத்திருந்தால் நடவடிக்கை எடுக்கலாம், வாயால் சொல்வதற்குச் சட்டத்தில் தடையில்லை என்று சொல்லிவிட்டு, வந்ததற்கு ஒரு டீ குடித்தார். திடலையொட்டித் திரும்பும் மினி பஸ்ஸின் ஓட்டுநர் அந்த இடத்தில் மட்டும் ஹாரன் அடிப்பதை நிறுத்தினார். பள்ளிக்கூடத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்த வகுப்பு வாய்ப்பாட்டை அந்தத் தாளத்தில் சொல்லப் பழகியது. அழுகிற கைக்குழந்தைகளைத் திடலோரம் தூக்கி வந்தால் உறங்கிப்போயின. பிறகு தூக்கி வராமலே, காற்றில் வந்த சத்தத்திலேயே உறங்கின. மாசி பாதியில் ஊர் அந்தச் சத்தத்தைக் கேட்பதை நிறுத்திவிட்டது. பாத்திரக் கடைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குத் தட்டுகிற சத்தம் கேட்காதது போல.

விதிப்படி எதிர்ப்பக்கம் ஏழு பேர் உள்ளே நின்றாக வேண்டும். மேலத்தெருப் பிள்ளைகள் முறை வைத்து மாறி மாறி நின்றார்கள். நின்று அலுத்து உட்கார்ந்தார்கள். கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினார்கள், பேன் பார்த்தார்கள், கடலை உரித்தார்கள், சண்டை போட்டார்கள், அரசுத் தேர்வுக்குப் படித்தார்கள். பத்தடி தூரத்தில் செவ்வந்தி கைநீட்டி நின்றாள். படித்துக்கொண்டிருந்தவள் கேள்விக்குத் தப்பான பதில் சொன்னால் செவ்வந்தி, பாட்டை நிறுத்தாமல், இல்லை என்று தலையை ஆட்டுவாள். அவர்கள் திருத்திக்கொண்டு படிப்பார்கள். அந்த வகையில் அவள் அவர்களோடு இருந்தாள் என்றும் சொல்லலாம்.

அதன் பிறகு எலுமிச்சம்பழம் வந்தது. புதிதாகக் கடை வைத்த ஒருவர், திருநங்கை வாயால் வாழ்த்து வாங்கினால் வியாபாரம் விளங்கும் என்று நம்புகிறவர், வாழ்த்துச் சொல்ல அவளுக்கு வாய் ஒழியவில்லை என்பதால் அவள் காலடியில் பழத்தை வைத்து எடுத்துப் போனார். கடை ஓடியது. அதைக் கேட்டு மஞ்சள் துணி கட்டி வந்தவர்கள், கல்யாணப் பத்திரிகையோடு வந்தவர்கள், ஹால் டிக்கெட்டோடு வந்த பிள்ளைகள், பிள்ளையில்லாதவர்கள் எல்லாரும் வந்தார்கள். முருங்கைக்காய் ஏற்ற வந்த லாரிகள் நின்று சூடம் கொளுத்திவிட்டுப் போயின. அம்மன் ஏறியிருக்கிறது என்றார்கள் ஒரு சாரார்; மாதா கோயில் தெருக்காரர்கள் வேறு பெயர் சொன்னார்கள்; அதில் தகராறு வரவில்லை, இரண்டு தரப்பும் வேறு வேறு நேரத்தில் வந்தார்கள். நகரத்து அதிகாரி மறுபடி வந்து, செம்மண்விளை மன்றம்போல் திருநங்கையரை அரவணைக்கும் மன்றம் மாவட்டத்தில் வேறில்லை என்று பேசி, ஒரு கேடயம் கொடுத்தார். படம் எடுக்கும்போது செவ்வந்தி நடுவில் இருக்க, இருபுறமும் நின்றவர்கள் அவள்மேல் படாமல் நின்றார்கள்.

முன்பு காரணம் தெரியாமல் அவளைப் பிடிக்காமல் இருந்தவர்களுக்கு இப்போது நல்ல காரணம் கிடைத்திருந்தது. ஒருநாள் ஜெயக்கொடி எழுந்து, பாவாடையை வரிந்து கட்டிக்கொண்டு, இடது ஓரத்திலிருந்து இரண்டு எட்டு முன்னால் வைத்தாள். செவ்வந்தியின் குரல் ஒரு இழை உயர்ந்தது. வலது காலை, பிடிக்க வாகாகக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினாள். வேடிக்கை பார்த்திருந்த கூட்டத்திலிருந்து ஜெயக்கொடியின் அம்மா ஓடி வந்தாள்.

"ஏட்டி! அம்மன் நிக்கிற மேனியட்டி அது. தொட்டுத் தொலைச்சிராத, குடும்பத்துக்கு ஆகாது."

ஜெயக்கொடி நின்றாள். பிறகு, எதையோ எடுக்க வந்தவள்போலக் குனிந்து, மணலில் கிடந்த பென்சிலை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள். செவ்வந்தி காலைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு திடலோரம் தங்கபுஷ்பம் இருந்தாள். செவ்வந்தியின் அம்மா. பீடி சுற்றுகிறவள். வீட்டில் உட்கார்ந்து சுற்றுவதைத் திடலில் உட்கார்ந்து சுற்றினால் கடைக்காரர் வேண்டாமென்றா சொல்லப்போகிறார் என்று தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். இலை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டி, நடு நடுவே எழுந்து போய், கருப்பட்டித் தண்ணீரில் முந்தானையை நனைத்து மகளின் உதட்டில் ஒற்றுவாள். முகம் துடைப்பாள். தலை பின்னிவிடுவாள். ஆட்டத்துக்கு நடுவில் வெளியாள் உள்ளே போகலாமா என்று ஒருவர் கேட்டதற்கு பால்துரை, தாய் தொட்டால் ஆட்டக் கணக்கில் சேராது என்று தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

செவ்வந்தி மெலிந்துகொண்டு வந்தாள். வந்து கும்பிட்டவர்கள் அதை விரதம் என்றார்கள். தங்கபுஷ்பம் வயிற்றைப் பார்த்தாள், முழங்கையைப் பார்த்தாள். ஒரு மத்தியானம் பீடித்தட்டை அப்படியே வைத்துவிட்டு, கடலை உரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் முன்னால் போய் நின்றாள்.

"ஏட்டி பிள்ளைகளா, ஒருத்தி வந்து அவ காலப் பிடிச்சா என்ன?"

ஒருத்தியும் நிமிரவில்லை.

"அத்தை, எங்களுக்கும் பாவமாத்தான் இருக்கு" என்றாள் ஒருத்தி.

"பாவப்படச் சொல்லலட்டி. பிடிக்கச் சொல்லுதேன். நீங்க ஒருத்தர ஒருத்தர் போட்டு அமுக்குவீங்களே, மண்ணள்ளித் தலையில போடுவீங்களே, அத மாதிரி. அவ வேற என்னத்தக் கேட்டா உங்ககிட்ட? சொத்துல பங்கா கேட்டா?"

"நாளைக்கு எங்களுக்கு மாப்பிள்ளை பாக்கும்போது ஏதாவது சொல்லுவாங்க, அத்தை."

"என்னன்னு சொல்லுவாங்க?"

அந்தப் பிள்ளை அடுத்த கடலையை உரித்தாள். ஜெயக்கொடி புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள். புத்தகம் தலைகீழாக இல்லை; அவள் படித்துக்கொண்டுதான் இருந்தாள்.

தங்கபுஷ்பம் திரும்பி நடந்து, மகளின் முன்னால் மணலில் மண்டியிட்டு, இரண்டு கணுக்கால்களையும் சேர்த்துப் பிடித்தாள். பிறகு இடுப்பைக் கட்டினாள். பிறகு எழுந்து, மொத்தமாக அணைத்து, இழுத்து, தன்னோடு சேர்த்து மண்ணில் சாய்த்தாள். அம்மாவும் மகளும் செம்மணலில் புரண்டார்கள். "விட்டுரு, என் தங்கம், மூச்ச விட்டுரு, அம்மை பிடிச்சிட்டேன்லா, பிடிபட்டுட்ட நீ" என்று தங்கபுஷ்பம் சொல்ல, அவள் தோளில் முகம் புதைத்துக் கிடந்த செவ்வந்தி, அம்மாவின் முதுகைத் தடவிக் கொடுத்தபடி, கபடி கபடி கபடி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தாய் பிடித்தது கணக்கில் சேரவில்லை. பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பங்குனி பிறந்ததும் வேறு கவலை வந்தது. வெளியூர் அணிகள் வரும் தொடர் ஆட்டம் ஒவ்வொரு வருடமும் சித்திரையில் அந்தத் திடலில்தான் நடக்கும். அணிகளுக்குச் சொல்லியாகிவிட்டது, கோப்பை வாங்கியாகிவிட்டது. வேறு இடத்தில் நடத்தலாமென்றால் தேரிக்காட்டில் அவ்வளவு சமதரை இல்லை. மன்றத்தில் கூட்டம் போட்டார்கள். பெற்றோர், பெரியவர்கள், பழைய ஆட்டக்காரர்கள், எல்லாரும் வந்தார்கள். செவ்வந்தியின் குரல் ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தது; அப்போது அது மிகவும் மெலிந்து, சுளகில் அரிசி புடைக்கும் சத்தம் அளவுக்கு ஆகியிருந்தது.

வெளியூர்களில் இருப்பதுபோலக் கடிகார விதியைக் கொண்டு வந்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். குறித்த நேரம் தாண்டினால் ரைடு செல்லாது. அவுட்டும் இல்லை, புள்ளியும் இல்லை. யார் மனமும் புண்படாது.

பால்துரை எழுந்து நின்றார். பிறகு சொன்னார்.

"விதிய மாத்த வேண்டாம். மேலத்தெருப் பிள்ளை ஒண்ணு ஒரு பிடி பிடிச்சா இப்பமே முடிஞ்சிரும்."

"யாரு வீட்டுப் பிள்ளையப் பிடிக்கச் சொல்லுதீய, மாஸ்டர்?" என்றார் ஜெயக்கொடியின் அப்பா. கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பால்துரை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பார்க்கப்பட்டவர்கள் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்கள்.

"உங்களுக்குப் பொம்பளப் பிள்ளை கிடையாது, மாஸ்டர். அதான் லேசா சொல்லிட்டிய" என்றார் இன்னொருவர்.

கடிகார விதிக்குச் சம்மதிக்கிறவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். எல்லாரும் தூக்கினார்கள். பின்வரிசையில் நின்றிருந்த மேலத்தெருப் பிள்ளைகளும் தூக்கினார்கள், ஜெயக்கொடியும் தூக்கினாள், கடைசியில் பால்துரையும் தூக்கினார். அந்தக் கைகளில் ஒன்று போதுமாயிருந்தது.

மறுநாள் சாயங்காலம் திடலைச் சுற்றிக் கூட்டம் கூடியது. பால்துரை புதிதாக வாங்கிய கடிகாரத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடுக்கோட்டுக்கு வந்தார். செவ்வந்தியைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். 'ஏலே' என்றும் 'ஏட்டி' என்றும் வாய் ஓயாமல் பிள்ளைகளை ஏசிப் பழகிய மனிதர், அவளை ஏசி ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. ஒன்றும் வரவில்லை. விசிலை ஊதினார்.

"ரைடு செல்லாது" என்றார். "ரெண்டு பக்கமும் வெளிய வாங்க."

மேலத்தெருப் பிள்ளைகள் புத்தகங்களை எடுத்துக்கொண்டு, பின்பக்கம் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு வெளியேறினார்கள். இடது ஓரத்தில் ஜெயக்கொடி மட்டும் நின்றாள். செவ்வந்தி நீட்டியிருந்த கைகளை மெதுவாக இறக்கினாள். அவ்வளவு நாள் வளைந்திருந்த இடுப்பை நிமிர்த்தினாள். திரும்பி, இன்னும் சொல்லிக்கொண்டே, நடுக்கோட்டை நோக்கி நடந்தாள். கால் மடங்கி மடங்கி வந்தது. கோட்டுக்கு ஒரு எட்டு இருந்தது.

அப்போது ஜெயக்கொடி பாய்ந்தாள். இடது ஓரத்திலிருந்து நாலே தாவலில் வந்து, நெஞ்சு மணலில் உரசச் சறுக்கி விழுந்து, செவ்வந்தியின் வலது கணுக்காலை இரண்டு கைகளாலும் பற்றி, தன் பக்கம் இழுத்தாள். செவ்வந்தி முகம் குப்புற விழுந்தாள். ஜெயக்கொடி விடவில்லை, ஊர்ந்து மேலேறி, முழங்காலை, இடுப்பை, தோளைக் கட்டிப் பிடித்து, முழுப் பாரத்தையும் அவள்மேல் போட்டு அமுக்கினாள்.

சத்தம் நின்றது.

பிறகு செவ்வந்தி மூச்சை உள்ளே இழுத்தாள். பந்தல் துணி அவள் பக்கம் சாய்ந்தது. பனைகளில் காய்ந்த ஓலைகள் அவள் பக்கம் திரும்பின. மேலே போய்க்கொண்டிருந்த டீக்கடை அடுப்புப் புகை வளைந்து திடலுக்குள் வந்தது. பெண்களின் முந்தானைகள் முன்னால் பறந்தன. ஊரில் அத்தனை வீட்டிலும் உறங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் ஒன்றாக விழித்து அழுதன. அவள் இழுத்துக்கொண்டே இருந்தாள். நிற்கிறவர்களுக்குக் கொஞ்ச நேரம் சுவாசிக்கக் காற்று போதாமல் இருந்தது. யாரும் அதைப் பற்றிப் புகார் சொல்லவில்லை.

மூச்சு அடங்கியதும் ஜெயக்கொடி மெல்லப் பிடியைத் தளர்த்தினாள். அவள் முகமெல்லாம் செம்மணலும் கண்ணீரும் குழைந்திருந்தது.

"வலிக்காட்டி?" என்றாள்.

செவ்வந்தி புரண்டு, வானத்தைப் பார்த்துக் கிடந்தாள். பேச்சு வர நேரமாயிற்று. வந்தபோது உமி உரசுவதுபோல இருந்தது.

"நல்ல பிடி, ஜெயா."

ஜெயக்கொடி சிரிக்கப் பார்த்தாள்.

"ஆனா விசில் ஊதியாச்சே" என்றாள் செவ்வந்தி.

கூட்டத்தில் ஒருவர் கைதட்டத் தொடங்கி, சேர்ந்து தட்ட ஆளில்லாமல் நிறுத்திக்கொண்டார். தங்கபுஷ்பம் வந்து மகளைத் தூக்கி நிறுத்தினாள். அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, வலது காலை ஊன்ற முடியாமல், செவ்வந்தி கோட்டைத் தாண்டி, கூட்டம் விலகிக் கொடுத்த வழியில் நடந்து போனாள். வழக்கம்போல நல்ல அகலமான வழியாக விட்டார்கள்.

அந்த வாரமே தாயும் மகளும் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனார்கள். மினி பஸ்ஸில் ஏறியதைப் பார்த்தவர்கள் உண்டு. மதுரைப் பக்கம் ஏதோ ஒரு பெண்கள் அணியில் ஆடுகிறாள் என்றும், குரல் போய்விட்டது, இனி எங்கேயும் பாட முடியாது என்றும், ஆந்திராவில் கல்லறுக்கும் வேலையில் இருக்கிறார்கள் என்றும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். எதையும் உறுதிப்படுத்த முடியவில்லை. குழந்தைகள் உறங்காமல் பல வீடுகளில் சித்திரை முழுதும் சிரமப்பட்டார்கள். பிறகு அவையும் பழகிவிட்டன. கடிகார விதி நிலைத்துவிட்டது. தொடர் ஆட்டம் குறித்தபடி நடந்தது.

விசில் ஊதிய பிறகு பிடிப்பது புது விதிப்படி குற்றம். ஜெயக்கொடிக்கு ஒரு ஆட்டம் தடை விதிக்கப்பட்டது. பிள்ளையின் மனநிலையை நினைத்து மன்னித்துவிடலாம் என்று மன்றத்தில் இரண்டொருவர் பேசிப் பார்த்தார்கள். பால்துரை அவளைக் கூப்பிட்டு, உனக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா என்று கேட்டார்.

"தடைய எடுக்க வேண்டாம், மாஸ்டர்" என்றாள் ஜெயக்கொடி. "பிந்தித்தான பிடிச்சேன்."